பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்

நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் ஒரு மேசைக் கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகள் படித்த காலத்தில் வாங்கியது. அவர்கள் வேலைக்கும் வெளியூருக்கும் போன பிறகு நம் கைக்கு வந்தது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பென்ஷன் காகிதங்களின் ஸ்கேன், பட்டா நகல், வில்லங்கச் சான்று, பேத்தியின் காதுகுத்து போட்டோ எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இந்தப் பெட்டிகளைப் பற்றிய பேச்சு அதிகமாகிவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "இத எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க சார்" என்கிறார்கள். வீட்டிலோ பேரன், "எல்லாத்துக்கும் போன் போதுமே தாத்தா" என்கிறான்.

என் கட்சி வேறு. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றை இழுத்துப் பிடிப்பது ஹார்டு டிஸ்க் என்ற ஓர் உறுப்பு. அதன் இடத்தில் ஒரு சிறிய எஸ்எஸ்டியை மாட்டினால் நம் தேவைக்கு இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும். ஆனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் எஸ்எஸ்டியிலேயே போட்டுவிடக் கூடாது. அதில் ஒரு பங்கு யுபிஎஸ்ஸுக்கும், இன்னொரு பங்கு நகல் வைப்பதற்கான வெளி ஹார்டு டிஸ்க்குக்கும் போக வேண்டும். கடைக்காரர் வேகத்தைப் பற்றி மட்டும்தான் சொல்வார். மற்ற இரண்டையும் நாமாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில், ஏன் மெதுவாக இருக்கிறது என்று பார்ப்போம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் பராமரிப்புப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். சுழலும் பொருள் எதுவானாலும் அதன் சங்கடம் எனக்குப் புரியும். ஹார்டு டிஸ்க்கும் சுழலும் இயந்திரம்தான். உள்ளே பளபளப்பான தட்டுகள் சுழல்கின்றன. ஒரு சிறிய கை அவற்றின் மேல் முன்னும் பின்னும் போய்த் தகவலைப் படிக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 1956-ல் கொண்டுவந்த முதல் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். அத்தனையும் சேர்ந்து கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவின் அளவு. அதன் பிறகு தட்டு சிறுத்தது, கொள்ளளவு பெருத்தது. சுழலும் கதை மட்டும் மாறவில்லை.

நம் மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும். அதாவது நொடிக்கு 120 சுற்று. கேட்ட இடம் கைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 4 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். கை அந்த வரிசைக்கு நகர்ந்து நிற்க இன்னும் 8, 9 மில்லிசெகண்டு. மொத்தம் 12, 13 என்று வைத்துக்கொண்டால், சிதறிக் கிடக்கும் துண்டுகளில் நொடிக்கு 80 துண்டுகளைத்தான் அதனால் எடுத்து வர முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைக் கேட்கிறது. காபி ஆறிப்போவது இதனால்தான்.

எங்கள் மில்லில் ஸ்டோர் ரூம் ஒன்று இருந்தது. ஒரே ஸ்டோர் கீப்பர், ஒரே ஏணி. ஒரு போல்ட் வேண்டும் என்றால் ஏணியை நகர்த்தி ஏறி எடுத்து இறங்குவார். அடுத்தது நட்டு, மறுபடியும் ஏணி. ஹார்டு டிஸ்க் அப்படி. எஸ்எஸ்டியில் ஏணியே கிடையாது. எந்த அறையைக் கேட்டாலும் உடனே திறக்கும். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் இதன் அடிப்படை. சின்னஞ்சிறு அறைகளுக்குள் மின்னேற்றத்தை அடைத்து வைத்து, அந்த அளவைக் கொண்டு தகவலைக் குறிக்கிறார்கள். அசையும் பாகம் எதுவும் இல்லை. ஒரு துண்டை எடுக்க 1 மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும். பழைய பெட்டியின் மூளையை மாற்றாமலே அது விழித்துக்கொண்டது போலத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இதை நான் முதலில் நம்பியது வீட்டில் அல்ல, மில் வாசலில் இருந்த எடை மேடையில். ஸ்கிராப் லாரிகள் ஜி.என்.டி. சாலையிலிருந்து திரும்பி உள்ளே வந்து எடை போடும் இடம். ஒவ்வொரு லாரி ஏறி இறங்கும்போதும் பக்கத்து அறையில் மேசை அதிரும். காற்றில் இரும்புத் தூசி. அந்த அறைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் ஒன்றரை வருடம் தாங்கினால் பெரிது. "சார், மறுபடியும் பெட்டி படுத்துடுச்சு" என்று எடை மேடைத் தம்பி போன் செய்தால், வெளியே லாரி வரிசை பெட்ரோல் பங்க் வரை நிற்கிறது என்று அர்த்தம். டிஸ்க்கின் கை, தட்டைத் தொடாமல், தலைமுடி தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்கிறது. அதிரும் மேசையில் அதற்கு என்ன ஆயுள் இருக்க முடியும்? கடைசியில் ஒரு சிறிய எஸ்எஸ்டியை மாட்டினோம். நான் ஓய்வு பெறும் வரை அது ஒரு நாளும் படுக்கவில்லை. அதிர்வுக்கும் ஆட்டத்துக்கும் எஸ்எஸ்டி ஈடு கொடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இனி எதை வாங்குவது என்று பார்க்கலாம்.

கடையில் இரண்டு வடிவம் காட்டுவார்கள். ஒன்று, சீட்டுக்கட்டை விடச் சற்றுப் பெரிய, தட்டையான இரண்டரை அங்குலப் பெட்டி. இது சாட்டா கேபிளில் மாட்டுவது. இன்னொன்று, சூயிங்கம் பட்டை போல நீளமான சிறு அட்டை. இதற்கு எம்.2 என்று பெயர்; மதர்போர்டிலேயே செருகுவது. இந்த எம்.2 வடிவத்துக்குள்ளேயே சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். பத்து வருடத்துக்கு மேல் பழைய போர்டுகள் பலவற்றில் எம்.2 துளையே இருக்காது. அடாப்டர் வைத்து மாட்டினாலும் அதிலிருந்து எழுந்திருக்க அந்த பயாஸுக்குத் தெரியாது. ஆகவே பழைய பெட்டிக்கு இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் வம்பில்லாதது. வாங்கப் போகும்போது மதர்போர்டின் மாடல் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

"என்விஎம்இ ஆறு மடங்கு வேகம் சார்" என்பார்கள். பொய்யில்லை. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். என்விஎம்இ 3,500-ஐயும் தாண்டும். ஆனால் அந்த வேகம் பெரிய பெரிய வீடியோ கோப்புகளை நகர்த்துபவர்களுக்குத்தான் தெரியும். நாம் பேப்பர் படிக்கிறோம், மெயில் பார்க்கிறோம், தமிழில் நாலு பக்கம் தட்டச்சு செய்கிறோம். ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது தெரியும் வித்தியாசம், சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்கு மாறும்போது நம் கண்ணுக்குத் தெரியாது. திருவள்ளூரிலிருந்து சென்ட்ரல் போகப் பாசஞ்சரை விட்டு ஃபாஸ்ட் லோக்கல் பிடித்தால் லாபம் உண்டு. ஃபாஸ்ட் லோக்கலுக்குப் பதில் விமானம் கேட்பதில் அர்த்தமில்லை.

கொள்ளளவு எவ்வளவு? விண்டோஸுக்கும் மென்பொருள்களுக்கும் 256 ஜிபி போதும். கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்க எல்காட் 2025-ல் மடிக்கணினி டெண்டர் விட்டபோது கேட்டதும் 256 ஜிபி எஸ்எஸ்டிதான். விலை வித்தியாசம் அதிகம் இல்லையென்றால் 500 ஜிபி வாங்கலாம். அதற்கு மேல் நம்மைப் போன்றவர்களுக்குத் தேவையில்லை. எஸ்எஸ்டியை முழுக்க நிரப்பினால் எழுதும் வேகம் குறையும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருப்பது நல்லது.

பெட்டியின் மேல் டிஎல்சி, க்யூஎல்சி என்று போட்டிருக்கும். டிஎல்சி ஓர் அறைக்குள் மூன்று துணுக்குகளை வைக்கிறது. க்யூஎல்சி நான்கை அடைக்கிறது. அடைசல் கூடினால் ஆயுளும் எழுதும் வேகமும் குறையும். விலை கிட்டத்தட்ட ஒன்றென்றால் டிஎல்சியை எடுங்கள். அதோடு உத்தரவாதம் எத்தனை வருடம், எத்தனை டெராபைட் எழுதும் வரை என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு உத்தரவாதம் முடியும்.

"எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே?" என்று நண்பர்கள் பயப்படுகிறார்கள். தேயும், உண்மைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாம்சங் 870 ஈவோ என்ற மாடலில் 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு அவர்கள் கொடுக்கும் அளவு 300 டெராபைட். நாம் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுகிறோம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 15,000 நாள் வரும். 41 வருடம். எனக்கு இப்போது 68. எழுதித் தேய்க்க வேண்டுமானால் 109 வயது வரை உட்கார்ந்து தட்ட வேண்டும். இந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இது நிலையாக நிற்கும் பொருள் அல்ல. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது சில வாரங்களிலேயே டிஸ்க் விலை ஏறக்குறைய இரு மடங்கானது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் ரேம், எஸ்எஸ்டி விலைகள் ஏறின. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்பதை நிறுத்தப் போவதாகவே அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் போலிகள் பெருகும். 16 டெராபைட் இரண்டாயிரம் ரூபாய் என்று போனில் விளம்பரம் வந்தால் விரலை எடுத்துவிடுங்கள். ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, நம் ஊர்க் கடையானாலும் சரி, சீல் உடையாத பெட்டி, வரிசை எண் எழுதிய ஜிஎஸ்டி பில், இரண்டும் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, பணத்தை அதில் முழுக்கப் போடாதே என்று ஏன் சொல்கிறேன்?

பொன்னேரியில் எனக்கு ஒரு நண்பர். மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. அந்த அம்மாள் கோலம் போடுவதையும், கடைசிப் பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகளோடு பாடியதையும் போனில் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று எஸ்எஸ்டி போட்டார்கள். பழைய டிஸ்க்கைக் கடையிலேயே கழித்துக்கொண்டார்கள். எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. பெட்டி எழுந்தது, எஸ்எஸ்டி மட்டும் அதன் கண்ணுக்கே தெரியவில்லை. உத்தரவாதத்தில் புது எஸ்எஸ்டி கொடுத்தார்கள். உள்ளே இருந்ததை யாராலும் கொடுக்க முடியவில்லை. "குரல்தான்யா போச்சு, படமாவது அல்பத்துல நாலு இருக்கு" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பராமரிப்பு வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பேரிங் போவதற்கு முன் சத்தம் கொடுக்கும். ஹார்டு டிஸ்க்கும் பெரும்பாலும் அப்படித்தான். டக் டக் என்று தட்டும், திறக்கும்போது திணறும், நமக்கு ஒரு வாரமாவது அவகாசம் தரும். செத்த பிறகும் தட்டுகளில் தகவல் இருக்கும். செலவு செய்தால் பலமுறை மீட்டுவிடலாம். எஸ்எஸ்டி மௌனமாக இருந்து மௌனமாகவே போகும். அதன் தேய்மானத்தையும் வெப்பத்தையும் காட்ட கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது. ஆனால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒரே அடியாகக் கெட்டால் எந்த மென்பொருளும் முன்கூட்டிச் சொல்லாது.

இன்னொரு விஷயம். ஹார்டு டிஸ்க்கில் கைதவறி ஒரு போட்டோவை அழித்துவிட்டால், உடனே நிறுத்தி மீட்பு மென்பொருளை ஓட்டினால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் டிரிம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் சொல்ல, எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் அதைத் துடைத்துவிடும். வேகம் குறையாமல் இருக்க அது அவசியம். ஆனால் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டால் பெரும்பாலும் போனது போனதுதான்.

மூன்றாவது, எஸ்எஸ்டியைக் கழற்றி பீரோவுக்குள் வைப்பது. அறைக்குள் அடைத்த மின்னேற்றம், மின்சாரமே இல்லாமல் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியும். ஜெடெக் என்ற அமைப்பின் தரவிதிப்படி, வீட்டு உபயோக எஸ்எஸ்டி, அதற்கு விதித்த அளவு முழுவதும் எழுதித் தேய்ந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரமின்றி ஒரு வருடம் தகவலைக் காத்தால் போதும். புதிதானது அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏற இந்தக் காலம் சுருங்கும். மே மாதத்தில் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டுவதை நாம் வருடா வருடம் செய்தியில் பார்க்கிறோம். மாடி அறை பீரோவின் கதையைச் சொல்லவே வேண்டாம். பெட்டகத்தில் வைக்க ஹார்டு டிஸ்க்தான் ஏற்றது.

ஆகவே போட்டோவும் பத்திரமும் இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில், மற்றொன்று வெளி ஹார்டு டிஸ்க்கில். முடிந்தால் மூன்றாவது ஒன்று மகள் வீட்டிலோ மகன் வீட்டிலோ. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். தரையில் வைத்த பெட்டியும் கீழ்த்தட்டில் வைத்த டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் நனையும். இணைய மேகத்திலும் ஒரு பிரதி வைக்கலாம். ஆனால் பாஸ்வேர்டு நம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் நமக்குப் பின் அதை யார் திறப்பது? ஒரு நோட்டில் எழுதி வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்தது மின்சாரம். வீட்டில் வாங்கும் எஸ்எஸ்டிகளில், திடீரென மின்சாரம் போனால் கையிலிருக்கும் தகவலை எழுதி முடிக்கப் போதுமான சேமிப்பு மின்சாரம் பொதுவாக இருப்பதில்லை. எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் போனால் அதிர்ஷ்டம். எது எங்கே இருக்கிறது என்று எஸ்எஸ்டி தனக்குள் வைத்திருக்கும் பட்டியல் குழம்பினால் மொத்தமும் போகும். மின்சாரம் கண்ணடிக்கும் ஊரில் இருந்துகொண்டு யுபிஎஸ் இல்லாமல் எஸ்எஸ்டி போடுவது, ஓட்டை வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது போல. 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும்; எல்லாவற்றையும் சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்த பத்து நிமிடம் கிடைத்தால் சரி. அதன் பேட்டரி நம் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் தளரும், மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்வர்ட்டர் இருப்பவர்கள் அதில் யுபிஎஸ் மோட் என்ற சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் வைத்தால், மின்சாரம் மாறும் அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் அணையாது.

மாட்டும் வேலை கஷ்டமில்லை. ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் செய்யலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது.

முதலில் முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகல் ஆகாது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிடுங்கள்; உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். சிப்காட் பக்கம் இருப்பவர்கள் பெயிண்ட் பிரஷ்ஷால் உள்ளிருக்கும் தூசியைத் தட்டிவிடுவதும் இப்போதே ஆகட்டும். எஸ்எஸ்டிக்கு சாட்டா கேபிள் ஒன்று, மின் இணைப்பு ஒன்று. பெட்டியின் இடம் பெரிதாக இருந்தால் ஒரு சட்டம் வாங்கிப் பொருத்தலாம். போர்டில் வேகமான சாட்டா துளை எது என்று பார்த்து அதில் செருகுங்கள். பயாஸில் சாட்டா முறை ஏஹெச்சிஐ என்று இருக்க வேண்டும். ஏற்கெனவே நிறுவிய விண்டோஸை அப்படியே கொண்டு போவதானால் மட்டும் இதை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பெட்டி எழுந்திருக்காமல் போகலாம்.

பழைய டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கலாம். அல்லது விண்டோஸைப் புதிதாக நிறுவலாம். என் ஓட்டு புதிதாக நிறுவுவதற்குத்தான். பத்து வருடக் குப்பையைப் புது வீட்டுக்கு ஏன் தூக்கிப் போக வேண்டும்? மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே நிறுவும் கருவி இருக்கிறது. 8 ஜிபி பென் டிரைவ் போதும். டிஸ்க்கை மாற்றியதால் புது லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் 10-ன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் தொடக்கக் கோப்புகள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒரு நாள் அந்த டிஸ்க்கை எடுத்தால் எஸ்எஸ்டி இருந்தும் கம்ப்யூட்டர் எழாது.

நிறுவி முடித்ததும் பழைய டிஸ்க்கை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். எதையாவது எடுக்க மறந்திருந்தால் அப்போது கைகொடுக்கும். எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் ஓட்டக் கூடாது. அதனால் பயன் இல்லை, தேய்மானம்தான். விண்டோஸே எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு வாரம் ஒரு முறை டிரிம் செய்துகொள்ளும்.

ரேம் 4 ஜிபிக்குக் கீழே இருந்தால் எஸ்எஸ்டி மட்டும் போதாது. 8 ஜிபி ஆக்குங்கள். போர்டே கெட்டுப்போன பெட்டிக்கு இந்தச் செலவு வீண். அப்படிப்பட்டதைப் புதுப்பிக்கச் சொல்லவில்லை.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே என்றால், அது நியாயமான கேள்வி. எஸ்எஸ்டி போட்டதால் பழைய பெட்டி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றுவிடாது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துப் பெற மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்தது. அதன் பிறகு அப்டேட் இல்லாத விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். லினக்ஸுக்கு மாறலாம். சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. லினக்ஸ் மின்ட் இருக்கிறது. இரண்டும் இலவசம். தமிழில் தட்டச்சு செய்யலாம், படிக்கலாம், மெயில் பார்க்கலாம். விரல்ரேகைக் கருவி லினக்ஸில் ஓடாமல் போகலாம். ஆனால் பென்ஷன்காரர்களின் ஜீவன் பிரமாண் சான்றுக்கு இப்போது போனில் முகத்தைக் காட்டினாலே போதும்.

பேரன் சொல்வது போலப் போனிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளக் கூடாதா? கூடும், கண் ஒத்துழைத்தால். பெரிய எழுத்து, பெரிய திரை, விரலுக்குப் பிடித்த கீபோர்டு, இவை நமக்கு ஆடம்பரம் இல்லை. எனக்குத் தெரிந்து மூன்று பேர் கம்ப்யூட்டர் மெதுவானதால் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் மில் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். இருபது பக்கத்தோடு நிற்கிறது.

எடைக்குப் போடுவது பற்றி ஸ்கிராப்பிலேயே வாழ்க்கையை ஓட்டிய நான் ஒன்று சொல்லலாம். கம்ப்யூட்டரின் இரும்புக் கூடு உலைக்குப் போகும், கேபிளின் தாமிரமும் விலை போகும். போர்டில் இருக்கும் ஈயமும் மற்றவையும் எரித்துப் பிரிப்பவர்களின் நுரையீரலுக்குள் போகும். எப்போதாவது கழித்துத்தான் ஆக வேண்டும். அப்போது பதிவு பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள். அதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். நம் ஆதாரும் பத்திரமும் அதோடு தெருவுக்குப் போக வேண்டாம்.

பொன்னேரி நண்பர் இப்போது இரண்டு வெளி டிஸ்க் வைத்திருக்கிறார். உறவினர் போன்களில் தேடியதில் அந்த அம்மாள் பேசுகிற வீடியோ ஒன்று, நாற்பது வினாடி, கிடைத்தது. இரண்டு டிஸ்க்கிலும் அது இருக்கிறது. ஒன்று ஆவடியில் மகள் வீட்டில்.

எஸ்எஸ்டியை அடுத்த மாதப் பென்ஷனில் கூட வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை. நகல் எடுக்கும் வேலையை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.